விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் செய்த தவறு எது?

மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலைப் பற்றி வந்திருக்கும் கேள்வி இது: பிண உறுப்புகளைச் சேர்த்து ஒரு உயிரை உண்டாக்கிய விக்டரின் குடும்பம் அழிந்துபோவதற்குக் காரணம் அவனுடைய அறிவியல் வெறியா? உயிரைப் படைப்பது கடவுளின் வேலை, அதில் மனிதன் கைவைத்தால் இதுதான் கதி என்பதைத்தான் இந்த நாவல் சொல்கிறதா?

பாதி சரி. வெறி இருக்கிறது, அதை மேரி ஷெல்லி ஒளிக்கவும் இல்லை. ஆனால் நாவலில் விழும் சாவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். ஒரு உயிரை உண்டாக்கிய ஒரே காரணத்தால் யாரும் சாகவில்லை. உண்டாக்கியவன் அதைப் போட்டுவிட்டு ஓடினான், ஓடியதை யாரிடமும் சொல்லாமல் வருடக்கணக்கில் மறைத்தான். சாவுகள் எல்லாம் அதற்கு அப்புறம் வருகின்றன. என்னைக் கேட்டால் இந்த நாவலின் குற்றப்பத்திரிகையில் ‘ஆராய்ச்சி’ என்ற சொல்லைவிட ‘மௌனம்’ என்ற சொல்தான் அதிகம் வரவேண்டும். விரிவாகச் சொல்கிறேன். முடிவு உட்பட முழுக் கதையும் இதில் வரும், இன்னும் படிக்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

விக்டருக்குப் பதின்மூன்று வயது. குடும்பத்தோடு தோனோன் பக்கம் உல்லாசப் பயணம் போன இடத்தில் மழை பிடித்துக்கொள்கிறது, விடுதிக்குள்ளேயே அடைந்து கிடக்கவேண்டிய நிலை. அங்கே கொர்னேலியஸ் அக்ரிப்பாவின் பழைய புத்தகம் ஒன்று கையில் கிடைக்கிறது. ரசவாதம், மாந்திரீகம், அமுதம் என்று பேசும் பதினாறாம் நூற்றாண்டு ஆள் அவர். பையன் ஆசையாக அப்பாவிடம் காட்டுகிறான். அவர் அட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இந்தக் குப்பையில் நேரத்தை வீணாக்காதே என்று சொல்லி முடித்துக்கொள்கிறார். ஏன் குப்பை, அதற்கு அப்புறம் வந்த அறிவியல் என்ன சொல்கிறது என்று இரண்டு வார்த்தை விளக்கியிருந்தால் புத்தகத்தைத் தூக்கிப் போட்டிருப்பேன், என் எண்ணங்கள் இந்த நாசத்தின் பக்கம் திரும்பியே இருக்காது என்று பின்னாளில் விக்டர் சொல்கிறான். இதைக் கேட்டதும் அப்பா மேல் கோபம் வரும். கொஞ்சம் பொறுங்கள். விக்டர் இப்படி அடுத்தவர் மேல் பாரத்தை இறக்கும் முதல் இடம் இது. அதன் பிறகு பேராசிரியர், விதி, கெட்ட தேவதை என்று வரிசை நீளும். நாவலின் பெரும்பகுதியை விக்டரே தன் வாயால் சொல்கிறான் என்பதைப் படிக்கும்போது மறக்கவே கூடாது.

பதினேழு வயதில் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்துக்குப் போகிறான். பவேரியாவில் உண்மையிலேயே இருந்த பல்கலைக்கழகம் அது. இன்றைக்கும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் இல்லுமினாட்டி கதைகளுக்கு மூலமான ரகசியச் சங்கம் 1776-ல் தொடங்கியது இந்த ஊரில்தான். ரகசியம் என்றால் அன்றைய ஐரோப்பிய வாசகர்களுக்குச் சட்டென்று நினைவுக்கு வரும் ஊர். கிளம்புவதற்குச் சற்று முன்புதான் அம்மா செங்காய்ச்சலில் இறந்திருக்கிறாள்.

அங்கே இரண்டு பேராசிரியர்கள். கிரெம்பே, அக்ரிப்பாவைப் படித்தேன் என்று விக்டர் சொன்னதும் எரிந்து விழுகிறார். வால்ட்மன் வேறு மாதிரி மனிதர். பழைய ரசவாதிகளைக் கேலி செய்யாமல், அவர்கள் போட்ட அடித்தளத்தில்தான் நாம் நிற்கிறோம் என்கிறார். வேதியியலை மட்டும் படித்தால் நல்ல வேதியியலாளன் ஆகமுடியாது, கணிதம் உட்பட எல்லாவற்றையும் படி என்று புத்தி சொல்கிறார். தன் ஆய்வகத்தைத் திறந்து காட்டுகிறார், கருவிகளைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்கிறார். இந்த நாவல் அறிவியலுக்கு எதிரானது என்று சொல்பவர்கள் வால்ட்மனைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கதையில் வரும் நல்ல மனிதர்களில் அவர் ஒருவர். அவருடைய பேச்சில் ஹம்ஃப்ரி டேவியின் சாயல் இருப்பதாக ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். டேவி லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பொதுமக்கள் முன்னால் வேதியியல் சொற்பொழிவு நடத்திப் புகழ்பெற்றவர். நாவல் எழுதிக்கொண்டிருந்த 1816-ல் மேரி ஷெல்லி டேவியைப் படித்ததற்கு அவருடைய நாட்குறிப்பே சாட்சி.

வால்ட்மனிடமிருந்து கிடைத்த அறிவியலை வைத்துக்கொண்டு விக்டர் என்ன செய்கிறான்? அக்ரிப்பாவின் கனவையும் அக்ரிப்பா காலத்து ரகசியப் பழக்கத்தையும் அதோடு சேர்த்துக்கொள்கிறான். இங்கேதான் எனக்குக் கதையின் முடிச்சு விழுகிறது. உயிரின் ரகசியத்தைக் கண்டுபிடித்ததும் எந்த மாணவனும் செய்யக்கூடியது, ஓடிப்போய் ஆசிரியரிடம் சொல்வது. வால்ட்மன் பக்கத்திலேயே இருக்கிறார், விக்டரைப் பிள்ளை மாதிரி நடத்துகிறார். அவரிடம் விக்டர் வாய் திறப்பதே இல்லை. வீட்டின் உச்சியில், மற்ற அறைகளிலிருந்து ஒரு நடையும் படிக்கட்டும் பிரிக்கிற தனி அறையில் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

அந்தக் காலத்து நிஜ ஆராய்ச்சிகளோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பொலோனியாவில் லூயிஜி கால்வானி தவளைக்கால் மின்சாரத்தில் துடித்ததைக் கண்டு 1791-ல் கட்டுரையாக வெளியிட்டார். இன்னொரு இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா அதை மறுத்தார், சண்டை போட்டார், அந்தச் சண்டையின் பலனாக 1800-ல் மின்கலம் வந்தது. கால்வானியின் சகோதரி மகன் ஆல்டினி 1803 ஜனவரியில் லண்டனில், தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் ஃபார்ஸ்டர் என்பவனின் உடலில் மின்சாரம் பாய்ச்சினார். தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது, கை மேலெழுந்து முஷ்டி மடங்கியது. கொடூரமான காட்சிதான், சந்தேகமில்லை. ஆனால் மருத்துவர்கள் சுற்றி நின்று பார்க்க, எல்லாம் பதிவாகி, பத்திரிகையில் வந்து, ஊரே விவாதித்த சோதனை அது. பார்க்க ஒரு ஆளும் இல்லாமல், தடுக்க ஒரு ஆளும் இல்லாமல் வேலை செய்தவன் விக்டர்தான்.

தனியாக வேலை செய்வதன் விலை என்ன என்பதை ஒரு சின்ன விவரத்தில் மேரி ஷெல்லி காட்டிவிடுகிறார். அந்தப் பிறவி ஏன் எட்டடி உயரம்? பயமுறுத்த வேண்டும் என்பதற்காக இல்லை. மனித உடலின் நுண்ணிய பகுதிகளைச் செய்ய நேரம் பிடிக்கிறது, விக்டருக்குப் பொறுமை இல்லை. அளவைப் பெரிதாக்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்று முடிவெடுக்கிறான். அவ்வளவுதான். அந்த உயிர் வாழ்நாள் முழுக்க மனிதர்களிடம் அடியும் கல்லும் வாங்கப்போவதற்குக் காரணமான அந்த உருவம், அவசரத்தில் எடுத்த ஒரு வசதியான முடிவு. பக்கத்தில் ஒருவர் இருந்து, ‘சரி, எட்டடி ஆள் எழுந்து நின்றால் அப்புறம் எங்கே தங்குவான், யார் பார்த்துக்கொள்வார்கள்?’ என்று கேட்டிருந்தால் போதும்.

சாமான்கள் எங்கிருந்து வருகின்றன? அறுவைக்கூடத்திலிருந்தும் கசாப்புக் கூடத்திலிருந்தும். எலும்புகள் பிணக்கிடங்குகளிலிருந்து. 1818-ல் இதைப் படித்த ஆங்கில வாசகருக்கு இது வெறும் பேய்க்கதை அலங்காரமாக இருந்திருக்காது. கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர்களின் உடலை அறுவைக்குக் கொடுக்க 1752-லேயே சட்டம் இருந்தது. அது போதாமல், புதைத்த பிணத்தை இரவோடு இரவாகத் தோண்டி மருத்துவப் பள்ளிகளுக்கு விற்கும் தொழில் லண்டனில் கொடிகட்டிப் பறந்தது. பெரும்பாலும் ஏழைகளின் பிணங்கள். இதற்காகவே ஆளைக் கொன்று விற்ற பர்க், ஹேர் இருவரும் எடின்பரோவில் பிடிபட்டது 1828-ல், உடற்கூறியல் சட்டம் வந்தது 1832-ல். நாவல் இவற்றுக்கு முந்தியது, ஆனால் அந்தப் பயம் ஏற்கெனவே தெருவில் இருந்தது.

இந்த இரண்டு வருடமும் விக்டர் வீட்டுக்குப் போகவில்லை, கடிதம்கூட ஒழுங்காகப் போடவில்லை. கோடை வந்து போனது, மரம் துளிர்த்தது தெரியவில்லை என்கிறான். கடிதம் நின்றால் மற்றக் கடமைகளையும் விட்டுவிட்டாய் என்றுதான் எடுத்துக்கொள்வேன் என்று அப்பா முன்பே சொல்லி அனுப்பியிருந்தார், அது மனதை உறுத்துகிறது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. வெறி என்பதை இத்தனை துல்லியமாகக் காட்டிய நாவல் அந்தக் காலத்தில் குறைவு. அந்த வெறிக்குள் என்ன ஆசை இருந்தது என்பதையும் விக்டரே சொல்கிறான். மனிதகுலத்தின் நோயைத் தீர்ப்பது என்பதெல்லாம் தொடக்கத்தில்தான். வேலை சூடுபிடித்ததும் ஆசை மாறுகிறது. ஒரு புதிய இனம் என்னைப் படைத்தவன் என்று வாழ்த்தும், எந்தத் தகப்பனும் தன் பிள்ளையிடம் எதிர்பார்க்கமுடியாத அளவு நன்றி எனக்குக் கிடைக்கும் என்கிறான். இந்த வரியை அடிக்கோடிட்டு வையுங்கள். பிள்ளை என்கிறான், நன்றி என்கிறான். பிள்ளைக்குச் சோறு போடுவதைப் பற்றி, பேசக் கற்றுக்கொடுப்பதைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

நவம்பர் மாதத்து இருண்ட இரவு. மணி ஒன்று. ஜன்னலில் மழை தட்டுகிறது, மெழுகுவத்தி கரைந்து அணையப்போகிறது. அந்த வெளிச்சத்தில் அந்தப் பிறவியின் மங்கிய மஞ்சள் கண் திறக்கிறது, மூச்சு வாங்குகிறது, கைகால் வெட்டி இழுக்கிறது. அழகான உறுப்புகளாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வைத்தவன், அசைவு வந்ததும் அருவருத்துத் தன் படுக்கையறைக்கு ஓடிவிடுகிறான். அப்புறம் நடப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவன் தூங்குகிறான். கெட்ட கனவு கண்டு விழித்துப் பார்த்தால், அந்தப் பிறவி கட்டில் திரையை விலக்கிக்கொண்டு நிற்கிறது. புரியாத ஏதோ சத்தம் போடுகிறது, முகத்தில் ஒரு சிரிப்பு, ஒரு கையை நீட்டுகிறது. பிடித்து நிறுத்துவதற்காக நீட்டியிருக்கலாம் என்கிறான் விக்டர். பிறந்த குழந்தை வேறு என்ன செய்யும்? சிரிக்கும், பொருளில்லாமல் சத்தமிடும், கையை நீட்டும். விக்டர் படியிறங்கி முற்றத்துக்கு ஓடி இரவைக் கழிக்கிறான். மறுநாள் நண்பன் கிளெர்வல் வந்து இறங்குகிறான், அறையைத் திறந்து பார்த்தால் அந்தப் பிறவி அங்கே இல்லை. விக்டர் சந்தோஷத்தில் கைதட்டுகிறான். எட்டடி உயரத்தில் ஒரு உயிர், பேச்சில்லாமல் பழக்கமில்லாமல் ஊருக்குள் போயிருக்கிறது. தேடவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. காய்ச்சலில் விழுகிறான், மாதக்கணக்கில் பக்கத்தில் இருந்து கவனித்துக்கொள்ளும் கிளெர்வலிடமும் ஒன்றும் சொல்வதில்லை.

இங்கிருந்து ஒவ்வொரு சாவுக்கும் முன்னால் ஒரு கதவு திறந்தே இருக்கிறது, விக்டர் அதைச் சாத்துகிறான்.

முதலில் தம்பி வில்லியம். கழுத்தை நெரித்துக் கொன்றது யார் என்று, சொந்த ஊரான ஜெனிவாவுக்குத் திரும்பிய இரவிலேயே மின்னல் வெளிச்சத்தில் அந்தப் பிறவியைக் கண்டதும் விக்டருக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் பழி வீட்டோடு வளர்ந்த வேலைக்காரப் பெண் ஜஸ்டின் மேல் விழுகிறது. பையனின் கழுத்தில் கிடந்த அம்மாவின் படம் அவள் பையில் கிடைத்தது, வைத்தது அந்தப் பிறவி. பாவமன்னிப்பு கிடையாது, நரகம்தான் என்று பாதிரியார் மிரட்டியதில் அவள் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள். விக்டர் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறான். சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று சமாதானம் செய்துகொள்கிறான். இது நியாயமான தயக்கம்தான் என்று வாதாடலாம். ஆனால் அவன் அந்த இடத்தில் வேறொன்றும் சொல்கிறான்: குற்றம் சாட்டப்பட்டவளுக்குத் தான் நிரபராதி என்ற ஆறுதலாவது இருந்தது, எனக்கு அதுவும் இல்லை, அவள் வேதனை என் வேதனைக்கு ஈடாகாது. தூக்குமேடைக்குப் போகிறவளோடு துன்பத்தில் போட்டி போடுகிறான். ஒரு இருபது வயதுப் பெண் வாசகர் இந்த வரியில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ‘இந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை’ என்று சொன்னதுண்டு. சரியான இடத்தில்தான் மூடினார்.

அடுத்தது ஆல்ப்ஸ் மலையில், மோன்டான்வேர் பனியாற்று மேட்டில் விக்டருக்கும் அந்தப் பிறவிக்கும் நடக்கும் சந்திப்பு. நாவலின் நடுப்பகுதி முழுக்க அந்தப் பிறவியின் பேச்சு. காட்டில் அலைந்தது, தீயைக் கண்டு சூட்டில் மகிழ்ந்து கையைச் சுட்டுக்கொண்டது, ஒரு குடிசையை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்து டி லேசி குடும்பத்தைப் பார்த்துப் பேச்சும் படிப்பும் கற்றது. அவர்களுடைய உணவைத் திருடிக்கொண்டிருந்தது, அவர்களே வறுமையில் இருப்பது தெரிந்ததும் திருட்டை நிறுத்திவிட்டு இரவில் விறகு வெட்டிப் போடுகிறது. மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ காவியம் கையில் கிடைத்து, ஆதாமுக்காவது படைத்தவனின் கவனிப்பு இருந்தது என்று ஏங்குகிறது. விக்டரின் அறையிலிருந்து எடுத்துப்போட்ட கோட்டின் பையில் அவனுடைய ஆராய்ச்சிக் குறிப்பேடு இருக்கிறது. தன்னை எப்படிச் செய்தார்கள் என்பதை, செய்தவனின் அருவருப்போடு சேர்த்து, அதில் படித்துத் தெரிந்துகொள்கிறது. கண் தெரியாத கிழவர் டி லேசி மட்டும் அதனோடு மனிதனைப் போலப் பேசுகிறார். மகன் வந்து தடியால் அடித்துத் துரத்துகிறான். ஆற்றில் விழுந்த பெண்ணைக் காப்பாற்றினால் துப்பாக்கிக் குண்டு கிடைக்கிறது. ‘நான் நல்லவனாக இருந்தேன், துயரம் என்னைப் பேயாக்கியது’ என்று அது சொல்வதற்கு ஆதாரம் இவ்வளவும். அதற்காக வில்லியத்தைக் கொன்றதும் ஜஸ்டினை மாட்டிவிட்டதும் நியாயமாகிவிடாது. மேரி ஷெல்லியும் அதை நியாயப்படுத்தவில்லை. மாட்டிவிட்டதை அதுவே எந்த வெட்கமும் இல்லாமல் சொல்கிறது.

கதையைக் கேட்டு முடிக்கும் முன்பே விக்டர் மனதில் ஒன்று படுகிறது: படைத்தவனுக்குப் படைப்பின் மேல் கடமை உண்டு என்பதை முதல் தடவையாக உணர்ந்தேன். முதல் தடவையாக! உயிர் கொடுத்து ஏறத்தாழ இரண்டு வருடம் கழித்து. உங்கள் கேள்விக்கு நேரான பதிலை ஒரே வரியில் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

எனக்கு ஒரு துணையைச் செய்து கொடு, மனிதர்கள் இல்லாத தென் அமெரிக்கக் காட்டுக்குப் போய்விடுகிறோம் என்று அது கேட்கிறது. விக்டர் ஒப்புக்கொண்டு, ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில், பாறை என்றே சொல்லத்தக்க ஒரு தீவுக்குப் போகிறான். மூன்று குடிசை, ஐந்து மனிதர்கள். கூரை சரிந்த குடிசை ஒன்றில் இரண்டு அறையை வாடகைக்கு எடுக்கிறான். திரும்பவும் தனி அறை, திரும்பவும் ரகசியம். பாதி வேலையில் ஒரு மாலை உட்கார்ந்து யோசிக்கிறான்: இவளும் அதைவிடக் கொடியவளாக இருந்தால்? இரண்டும் ஒன்றையொன்று வெறுத்தால்? பிள்ளை பெற்றுப் பெருகினால் வருங்கால மனிதர்கள் என்னைச் சபிப்பார்களே? நியாயமான கேள்விகள். முதல் தடவையே கேட்டிருக்கவேண்டியவை. ஜன்னலில் அந்தப் பிறவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, செய்துகொண்டிருந்த உடலைப் பிய்த்தெறிகிறான். (பிள்ளை பெறமுடியாத மாதிரி செய்திருக்கலாமே என்று இந்த இடத்தில் யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. நல்ல கேள்வி, விக்டருக்குத் தோன்றவில்லை.) அப்புறம் கிழிந்த மிச்சத்தை ஒரு கூடையில் போட்டு, மேலே கல்லை ஏற்றி, பின்னிரவில் படகில் கொண்டுபோய்க் கடலில் இறக்குகிறான். அறையை அப்படியே விட்டுப்போனால் ஊரார் பயந்து சந்தேகப்படுவார்கள் என்பதற்காகச் சுத்தம் செய்கிறான். இந்தக் காட்சியில் விஞ்ஞானியின் நடத்தை தெரிகிறதா, தடயத்தை அழிக்கும் கொலையாளியின் நடத்தை தெரிகிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

கிளெர்வல் கொல்லப்படுகிறான். விக்டர் மேலேயே கொலைப்பழி விழுந்து அயர்லாந்துச் சிறையில் கிடந்து விடுதலையாகிறான். அப்போதும் பேசவில்லை.

விக்டரோடு ஒரே வீட்டில் வளர்ந்து, அவனை மணக்கப்போகும் எலிசபெத் விஷயம்தான் எனக்கு எப்போதும் பொறுக்கமுடியாதது. ‘உன் திருமண இரவில் வருவேன்’ என்று அந்தப் பிறவி எச்சரித்திருக்கிறது. அதன் துணையை இவன் அழித்திருக்கிறான், பதிலுக்கு அது யாரைக் குறிவைக்கும் என்று ஒரு குழந்தையும் சொல்லும். விக்டருக்கு மட்டும் தன் உயிரைத் தவிர வேறு உயிர் நினைவுக்கு வரவில்லை. எலிசபெத்துக்கு எழுதுகிறான்: எனக்கு ஒரு பயங்கர ரகசியம் இருக்கிறது, திருமணத்துக்கு மறுநாள் சொல்கிறேன். மறுநாள்! எவியன் விடுதியில் அவளைத் தனியாக அறைக்கு அனுப்பிவிட்டு, கைத்துப்பாக்கியோடு நடைகளில் எதிரியைத் தேடுகிறான். உள்ளே அலறல் கேட்கிறது. அந்த மறுநாள் அவளுக்கு வரவே இல்லை. செய்தி கேட்டுச் சில நாளில் அப்பாவும் போய்விடுகிறார்.

இதற்கு அப்புறம்தான் விக்டர் ஜெனிவா நீதிபதியிடம் போய், தேதி சகிதம் முழுக் கதையையும் சொல்கிறான். நீதிபதி முதலில் பாதி நம்புகிறார், நடவடிக்கை என்று வந்ததும் காய்ச்சல்காரனைச் சமாதானப்படுத்துவது போலப் பேசுகிறார். சொன்னால் நம்பமாட்டார்கள் என்று அவன் பயந்தது சரிதான் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அப்படிப் படவில்லை. முதல் கொலை தெரிந்த அன்றே, இங்கோல்ஸ்டாட் அறையோடும் வால்ட்மன் சாட்சியோடும் சொல்வது வேறு, இத்தனை பேர் செத்த பிறகு கண் சிவந்து வந்து சொல்வது வேறு.

அந்தப் பிறவியைத் துரத்திக்கொண்டு வடக்கே பனிக்கடல் வரை போகும் விக்டரைத் தன் கப்பலில் ஏற்றி, இதையெல்லாம் கேட்டு எழுதிவைப்பவன் வால்டன், வடதுருவத்துக்குக் கப்பல் விட்ட ஆங்கிலேயன். அவனும் வெறியன்தான். அறிவுக்காக ஒரு மனித உயிர் போனால் அது சின்ன விலை என்று பேசுகிறவன். ஆனால் இரண்டு வித்தியாசம் இருக்கிறது. அவன் அக்காவுக்கு ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டே இருக்கிறான். இரண்டாவது, அவன் கப்பலில் மாலுமிகள் இருக்கிறார்கள், பனிக்கட்டியில் மாட்டிக்கொண்டதும் வழி திறந்தால் தெற்கே திரும்பு என்று வந்து கேட்கிறார்கள். சாகக்கிடக்கும் விக்டர் எழுந்து உட்கார்ந்து, கோழைகளாகத் திரும்பாதீர்கள், பாறையாய் நில்லுங்கள் என்று அவர்களுக்கு வீரவுரை ஆற்றுகிறான். இவ்வளவு பட்ட பிறகும்! வால்டனுக்கு மனசில்லை, ஆனாலும் மாலுமிகள் சொன்னதைக் கேட்டுக் கப்பலைத் திருப்புகிறான். அவன் உயிரோடு ஊர் திரும்பப்போவதற்குக் காரணம், அவனை எதிர்த்துப் பேச ஆள் இருந்தது.

விக்டரின் கடைசிப் பேச்சும் இதே குழப்பம்தான். என் பழைய நடத்தையை அலசிப் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை என்கிறான். பேராசையைத் தவிர்த்துவிடு, அறிவியலில் பெயர் வாங்கும் ஆசைகூட வேண்டாம் என்று வால்டனுக்குப் புத்தி சொல்கிறான். அடுத்த மூச்சில், இதை ஏன் சொல்கிறேன், நான் தோற்ற இடத்தில் இன்னொருவன் ஜெயிக்கலாம் என்கிறான். ‘பேராசை பெருநஷ்டம்’ என்று இந்த நாவலைச் சுருக்குபவர்கள் முதல் பாதியை மேற்கோள் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அப்படியானால் ‘கடவுள் வேலையில் கைவைத்த குற்றம்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி நாடக மேடையிலிருந்து. நாவல் 1818 ஜனவரியில் ஆசிரியர் பெயர் இல்லாமல் 500 பிரதிகள் வந்தது. 1823-ல் லண்டனில் பீக் என்பவர் அதை நாடகமாக்கியபோது தலைப்பிலேயே ‘அகந்தை’ என்று சேர்த்துவிட்டார். ஆய்வக உதவியாளன் ஃபிரிட்ஸ் நுழைந்தது அந்த நாடகத்தில்தான். விக்டருக்கு நாவலில் உதவியாளனே கிடையாது, இருந்திருந்தால் கதை வேறு திசையில் போயிருக்கும். 1831-ல் திருத்திய பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் மேரி ஷெல்லியே, படைத்தவனின் பிரமாண்ட இயந்திரத்தை மனிதன் போலி செய்ய முயல்வது பயங்கரம் என்று எழுதினார். விதி என்ற பேச்சும் அந்தப் பதிப்பில்தான் கூடியது. 1931-ன் ஹாலிவுட் படம் மின்னலையும் பெரிய இயந்திரங்களையும் சேர்த்துக் கதையை முத்திரை குத்திவிட்டது. நாவலில் உயிர் கொடுக்கும் முறையைப் பற்றி ‘உயிர்ப்பொறி’ என்பதற்கு மேல் ஏறக்குறைய எதுவும் இல்லை. அதே 1831 முன்னுரையில் ஒரு வேடிக்கை உண்டு: 1816-ல் ஜெனிவா ஏரிக்கரையில் கவிஞர் பைரனும் மேரியின் துணைவர் பெர்சி ஷெல்லியும் பேசிக்கொண்டதில், சார்லஸ் டார்வினின் தாத்தா எராஸ்மஸ் டார்வின் கண்ணாடிப் பெட்டியில் வைத்த ஒரு துண்டு சேமியா தானாக அசைந்தது என்ற கதையும் அடிபட்டதாம். அவர் அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை, அப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று மேரி ஷெல்லி ஜாக்கிரதையாகச் சொல்லிக்கொள்கிறார்.

நாவல் ஏன் படைப்பதைவிட வளர்ப்பதைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறது என்பதற்கு எழுதியவரின் வாழ்க்கையில் காரணம் தேடலாம், அளவோடு. அவர் பிறந்த சில நாளில், 1797-ல், தாய் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் பிரசவக் காய்ச்சலில் இறந்தார். 1815-ல் மேரிக்குக் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை சில நாளில் இறந்தது. குழந்தை வெறுமனே குளிர்ந்துதான் போயிருந்தது, நெருப்பருகே தேய்த்துவிட்டதும் உயிர் வந்தது என்று கனவு கண்டதாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அடுத்த வருடம் இந்த நாவலைத் தொடங்கும்போது அவருக்குப் பதினெட்டு வயது, கையில் இன்னொரு குழந்தை, பெயர் வில்லியம். நாவலில் முதலில் சாகும் பிள்ளைக்கும் அதே பெயரை வைத்திருக்கிறார். இதற்கு மேல் இழுத்தால் ஊகமாகிவிடும்.

இன்றைய அறிவியலோடு பொருத்தவேண்டும் என்றால் அணுகுண்டை எடுப்பதைவிட ஹெ ஜியான்குவியை எடுப்பது பொருத்தம். 2018 நவம்பரில், மரபணு திருத்திய இரட்டைக் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்த சீன விஞ்ஞானி அவர். துறையில் இருந்தவர்களே கொதித்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, வெளிப்படையான விவாதமும் முறையான மேற்பார்வையும் இல்லாமல் வேலையைச் செய்துமுடித்துவிட்டு உலகத்துக்குச் சொன்னது. 2019 டிசம்பரில் சீன நீதிமன்றம் மூன்று ஆண்டுச் சிறை கொடுத்தது. அதே மரபணுத் துறையின் ஆரம்ப நாட்களில், 1975 பிப்ரவரியில், கலிஃபோர்னியாவின் அசிலோமாரில் விஞ்ஞானிகள் கூடி, எதைச் செய்யலாம், எதை இப்போதைக்கு நிறுத்திவைக்கலாம் என்று பத்திரிகையாளர்கள் முன்னிலையிலேயே விவாதித்தார்கள். அசிலோமாரில் குறை சொல்லவும் நிறைய இருக்கிறது, அது வேறு கதை.

நாவலைப் படிக்கப்போகிறீர்கள் என்றால் 1818 பதிப்பைத் தேடி எடுங்கள். கடைகளில் கிடைக்கும் மலிவுப் பிரதிகளில் பல 1831-ன் பாடம், மேலே சொன்ன 1831 முன்னுரை முன்பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் அதுதான் என்று கண்டுபிடித்துவிடலாம். 1831-ல் விக்டர் விதியின் கைப்பாவையாகத் தெரிவான், 1818-ல் அவன் செய்ததற்கு அவனே பொறுப்பு. தேர்வுக்காகப் படிப்பவர்கள் இரண்டிலும் இங்கோல்ஸ்டாட் அத்தியாயங்களை ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும், வால்ட்மன் பேச்சுக்கு அப்புறம் விக்டர் சொல்லும் வரிகளில் வித்தியாசம் தெரிந்துவிடும். வால்டனின் கடிதங்கள் மெதுவாகப் போகிறதே என்று தாண்டிவிடாதீர்கள்.